ஏரிக்கு மதில் கட்டியவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலே ஐயோவா என்னும் மாநிலம் உண்டு. மலையென்று சொல்லத்தக்க மேடு எதுவுமின்றிப் புல்வெளியாய்ப் பரந்து கிடந்த நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏரும் மாடும் குடும்பமுமாக அங்கே குடியேறச் சென்றவர்கள், புல்வெளிக்கிடையே ஆழங் குறைந்த சில ஏரிகளைக் கண்டனர். ஏரி அவர்களுக்குப் புதிதன்று. ஏரிக்கரையில் நின்ற மதிலே புதிதாயிருந்தது. பெருங்கற்களும் பரலும் மண்ணும் கலந்து, கரையை ஒட்டி, யாரோ அளவெடுத்துக் கட்டியது போல் அம்மதில் நீண்டு சென்றது.

யார் கட்டினார்கள்? எதற்காகக் கட்டினார்கள்? குடியேறியவர்கள் தமக்குத் தெரிந்தவாறு ஒரு விடை கண்டனர். தமக்கு முன்னர் அந்நிலத்தில் வாழ்ந்து மறைந்துபோன ஏதோவொரு பழங்குலத்தார் தம் கைவன்மையைக் காட்டி எழுப்பிய அணை இது என்றனர். கதை ஊரூராகப் பரவியது. ஏரிகளுக்கும் 'மதில் ஏரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1866 முதல் 1870 வரை அம்மாநிலத்தின் நிலவியலாளராகப் பணியாற்றிய சாள்ஸ் வைற் என்பார் இம்மதில்களை ஆராய்ந்து வேறொரு விடை சொன்னார். கட்டியவன் மனிதன் அல்லன். குளிர்காலந்தோறும் ஏரியை மூடும் பனிக்கட்டியே கொத்தன். ஏரியின் அடியிற் கிடந்த கல்லையும் மண்ணையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைக்குத் தள்ளி, எண்ணற்ற குளிர்காலங்களில் அது மதிலை எழுப்பிவிட்டது. பழங்குலத்தாரின் புகழ் அன்றோடு போயிற்று.

பனிக்கட்டிக்குக் கையேது, காலேது என்று நேயர்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை தேடி, இவ்வாரம் நாம் நேயர்களைக் குளிர்நாட்டு ஏரிகளின் அடிக்கே அழைத்துச் செல்ல எண்ணுகின்றோம். ஏரியின் மேல் இட்ட வெறும் மூடியன்று பனிக்கட்டி. அடியிற் கிடக்கும் சேற்றை ஆள்வதும் அதுவே என்பதை நாம் அங்கே காண்போம்.

மேலிருந்து கீழே

குடிக்கும் பானத்தில் இட்ட பனிக்கட்டித் துண்டு மிதப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அதிலே ஒரு பெரும் புதுமை அடங்கியிருப்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான பொருள்கள் உறைந்து திண்மமானதும் தம் திரவத்தில் அமிழ்ந்துவிடும். நீரோ உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருத்து, பாரம் குறைந்து, மிதக்கின்றது. அன்றியும், நீர் மிகச் செறிவாயிருப்பது உறைநிலையில் அன்று. அதற்குச் சற்று மேலே, 4 பாகை சதமவெப்பத்தில் ஆகும். ஆகையால் குளிர்காலம் வரும்போது 4 பாகை நீர் ஏரியின் அடிக்கு இறங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று முதலில் உறைகின்றது.

மேலே ஒரு தகடாய்த் தொடங்கும் பனிக்கட்டி, குளிர் நீடிக்க நீடிக்கக் கீழ்நோக்கித் தடிக்கின்றது. ஆழமான ஏரியில் எவ்வளவு தடித்தாலும் அடியைத் தொடமாட்டாது. நூறு மீற்றர் ஆழமுள்ள ஏரிக்கு ஒரு மீற்றர்ப் பனிக்கட்டி எம்மாத்திரம்? ஆழமற்ற ஏரியின் நிலைமை வேறு. அங்கே மேலிருந்து இறங்கும் பனிக்கட்டி, முதலில் கரையோரத்திலும், கடுங்குளிர் நாடுகளில் நடு ஏரியிலும், அடிச்சேற்றைச் சென்று தொட்டுவிடுகின்றது. ஏரியின் அடியில் நடப்பவற்றுள் பெரும்பகுதியை இவ்வொன்றே தீர்மானிக்கின்றது: பனிக்கட்டி தரையைத் தொட்டதா, தொடவில்லையா?

கல்லைப் பற்றும் கை

தொட்ட இடத்தில் என்ன நிகழும் என்று பார்ப்போம். பனிக்கட்டி சேற்றிலுள்ள நீரையும் உறையச் செய்து, சேறு, பரல், நீர்த்தாவரங்களின் வேர், பெருங்கல் யாவற்றையும் தன்னோடு இறுகப் பிணைத்துக்கொள்கின்றது. உறையும் சேற்றுக்குள்ளே மெல்லிய பனிக்கட்டிப் படைகள் தோன்றிச் சுற்றியுள்ள நீரைத் தம்பால் இழுப்பதால், இடையிலுள்ள களி பிழியப்பட்டு இறுகுகின்றது. கூழ் போலிருந்த சேறு, குளிர்காலம் கழிந்து உருகியபின் முன்னிலும் கெட்டியாய், கட்டிகட்டியாய் உடைந்து நிற்பது இதனாலேயே ஆகும்.

இளவேனில் வருகின்றது. சுற்றுப்புறத்து வெண்பனி உருகி ஏரியின் நீர்மட்டம் உயர்கின்றது. மிதக்கும் இயல்புடைய பனிக்கட்டி இப்போது மேலெழ முயல்கின்றது. எழும்போது தான் பற்றிய சேற்றையும் கல்லையும் அடியிலிருந்து பெயர்த்துக்கொண்டே எழுகின்றது. பின்னர் அது துண்டு துண்டாய் உடைய, காற்று அத்துண்டுகளைத் தெப்பம் போல் ஏரியெங்கும் தள்ளிச் செல்கின்றது. உருகும் இடத்தில் சுமை இறங்குகின்றது. நடு ஏரியின் நுண்ணிய சேற்றைத் தோண்டிப் பார்ப்பவர்கள், எந்த நீரோட்டமும் கொண்டுவந்திருக்க முடியாத ஒரு கல் அங்கே தனியே பதிந்திருக்கக் காண்பதுண்டு. அது பனிக்கட்டித் தெப்பத்தில் ஏறிவந்து, தெப்பம் கரைந்ததும் மூழ்கிய கல்லாகும்.

இனி, கரையை நோக்கித் தள்ளும் வலிமை எங்கிருந்து வந்தது? நீர் உறையும்போது பருப்பதுதானே என்று நேயர்கள் சொல்லக்கூடும். அதுவன்று. மிதக்கும் தகட்டின் அடியில் நீர் உறையும்போது அப்பருமன் தடிப்பாகவே போய்விடுகின்றது, கரையை முட்டுவதில்லை. தள்ளும் வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது.

இரவின் கடுங்குளிரில் பனிக்கட்டித் தகடு சுருங்கி வெடிக்கின்றது. வெடிப்பினூடே நீர் ஏறி உறைந்து இடைவெளியை அடைத்துவிடுகின்றது. பகலில் வெப்பம் சற்று ஏறியதும், இருப்புப்பாதைத் தண்டவாளம் வெயிலில் நீள்வது போலத் தகடும் விரிகின்றது. ஆனால் விரிவதற்கு விட்ட இடம் முன்பே அடைபட்டுவிட்டது. ஒரு கிலோமீற்றர் அகலமுள்ள தகடு 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய அரை மீற்றர் நீளும். அந்த அரை மீற்றர், தன்னோடு பிணைத்த கல்லையும் மண்ணையும் கூட்டிக்கொண்டு, கரையின் மேல் ஏறியே தீரவேண்டும். மறுநாள் இரவு மீண்டும் சுருக்கம், மீண்டும் வெடிப்பு, மீண்டும் விரிவு. ஒரு குளிர்காலத்தில் இவ்வாறு பலமுறை நடந்தால், மதில் எழுவதில் என்ன வியப்பு? தகட்டின் மேல் வெண்பனி தடிப்பாய்ப் படர்ந்தால் மட்டும் அது கம்பளி போலிருந்து வெப்பமாற்றத்தைத் தடுத்துவிடும். அவ்வாண்டு கொத்தனுக்கு ஓய்வு.

இவ்விரிவைக் கண்ணாரக் காண விரும்புவோர் யப்பான் நாட்டுச் சுவா ஏரிக்குச் செல்லலாம். அதுவும் ஏழு மீற்றர் அளவே ஆழமுள்ள ஏரி. கடுங்குளிர் ஆண்டுகளில், உறைந்த ஏரியின் குறுக்கே பனிக்கட்டி பேரொலியுடன் வெடித்து மேலெழுந்து, நீண்டதொரு வரம்பாய் நிற்கும். ஏரியின் ஒருபுறத்துக் கோயிலிலுள்ள தேவன், மறுபுறத்துக் கோயிலிலுள்ள தன் தேவியைக் காண நடந்துசென்ற பாதை அது என்பர் ஊரார். அதற்கு 'ஓமிவத்தாரி', அஃதாவது தேவன் கடந்த வழி, என்று பெயர். ஏரி உறைந்த நாளையும் வரம்பு எழுந்த நாளையும் அக்கோயிற் குருமார் 1443ஆம் ஆண்டு முதலாகக் குறித்து வைத்துள்ளனர். பக்தியோடு எழுதிய அக்குறிப்பு, இன்றைய விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தற்கரிய செல்வமாயிற்று. அதைப் பற்றிப் பின்னரும் சொல்லவேண்டியுள்ளது.

அடங்கிய நீரில் எழுதிய கணக்கு

இதுவரை சொன்னது பனிக்கட்டியின் முரட்டு வேலை. அதற்கு மென்மையான வேலையும் ஒன்றுண்டு. அது நீரை அடக்குவது.

ஆழமற்ற ஏரியில் கோடைகாலம் முழுவதும் சேற்றுக்கு ஓய்வில்லை. காற்றெழுப்பும் அலை அடிவரை சென்று கலக்க, நீர் கலங்கலாகவே கிடக்கும். பருமணல் உடனே அமிழும்; வண்டல் சற்று நேரத்தில் அமிழும்; நுண்களி அமிழ்வதற்கு நேரமே கிடையாது. ஒரு மில்லிமீற்றரின் 500இல் ஒரு பங்கு பருமனுள்ள களித்துகள், உறைநிலையை அண்மிய குளிர்நீரில் இரண்டு மீற்றர் ஆழம் இறங்குவதற்கு ஏறக்குறைய 12 நாள் எடுக்கும். அதிற் பாதிப் பருமனுள்ள துகளுக்கு ஒன்றரை மாதம் வேண்டும். அத்தனை நாள் காற்றடிக்காத கோடை எங்கேயுண்டு?

பனிக்கட்டி மூடியதும் காற்றுக்கும் நீருக்குமிடையே கதவு சாத்தப்பட்டுவிடுகின்றது. மேலே புயல் வீசினாலும் கீழே அலையில்லை. மாதக்கணக்கில் நிலவும் அவ்வமைதியில், கோடை முழுதும் இறங்க வழியின்றி அலைந்த நுண்களி, மெல்ல மெல்ல இறங்கி அடியில் ஒரு போர்வையாய்ப் படிகின்றது. கோடையில் பருத்த வண்டல், குளிர்காலத்தில் நுண்ணிய களி: ஆண்டுக்கு இவ்விரண்டு படை.

இவ்விரட்டைப் படைகளை மரத்தின் ஆண்டுவளையங்களைப் போல் எண்ணலாம் என்று கண்டவர் சுவீடன் தேசத்து ஜெராட் டி யேர் என்பார். 1878இல், இருபது வயது இளைஞராயிருக்கையில், ஸ்ரொக்ஹோம் நகரை அண்டிய களிநிலங்களிலே வெளிறியதும் கறுத்ததுமாக மாறிமாறி வரும் கோடுகளை அவர் கண்ணுற்றார். பழைய பெரும் பனிப்படலம் வடக்கு நோக்கிப் பின்வாங்கியபோது, அதன் முன்னே தேங்கிய நீரின் அடியிற் படிந்த களி அது. பின்னர் மாணவர் பலரைக் கூட்டிக்கொண்டு இடந்தோறும் சென்று கோடுகளை எண்ணி, ஓரிடத்துக் கணக்கை அடுத்த இடத்துக் கணக்கோடு பொருத்தினார். 1910இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாட்டில், ஏறக்குறைய 12,000 ஆண்டுகளின் காலக்கணக்கை அவர் எடுத்துரைத்தார். அணுவைக் கொண்டு காலம் கணிக்கும் வழிகள் பரவுமுன்னரே, சேற்றை எண்ணிக் காலம் சொன்ன மனிதர் அவர்.

அவருக்குக் கிடைத்தவை ஆழமான நீரில் கலையாமற் கிடந்த ஏடுகள். ஆழமற்ற ஏரியிலும் பனிக்கட்டி அதே கணக்கை எழுதுகின்றது. ஆனால் அடுத்த கோடையின் காற்று பெரும்பாலும் அவ்வேட்டைக் கிழித்துவிடுகின்றது. எனினும் குளிர்காலம் நீண்டிருக்குமட்டும் சேற்றுக்கு ஆண்டில் ஒருமுறை உறக்கம் கிட்டும். மூடி குறுகிய காலமே நின்றால், கலக்கம் நீளும், நீர் தெளியாது, வெளிச்சத்தை நம்பி அடியில் வளரும் தாவரங்களும் வாடும்.

மூடியின் கீழே மூச்சு

இவ்வமைதிக்கும் ஒரு விலை உண்டு. பனிக்கட்டி காற்றின் அலையை மட்டுமன்று, காற்றிலுள்ள ஒட்சிசனையும் தடுத்துவிடுகின்றது. மேலே வெண்பனியும் படர்ந்தால் வெளிச்சம் போகாது. நீர்த்தாவரங்கள் ஒட்சிசனை ஆக்கமாட்டா. ஆனால் சேற்றிலே அழுகும் இலைதழைகளை உண்ணும் நுண்ணுயிர்கள் மட்டும் குளிரிலும் தம் தொழிலை விடுவதில்லை. இருக்கும் ஒட்சிசனை அவை உண்டு தீர்க்கின்றன. ஆழமான ஏரியில் இருப்பு மிகுதி. ஆழமற்ற ஏரியில் சேறு மிகுதி, நீர் குறைவு. பூட்டிய அறையில் பலர் உறங்குவது போன்ற நிலைமை இது.

நீண்ட குளிர்காலத்தின் இறுதியில் பனிக்கட்டி உருகியதும், மாண்ட மீன்கள் கூட்டங் கூட்டமாய்க் கரையொதுங்குவதை ஐயோவாப் போன்ற இடங்களில் கண்டிருக்கின்றனர். இதைத் தவிர்ப்பதற்காகச் சில ஏரிகளில் இயந்திரத்தால் காற்றை ஊதுவதுமுண்டு. ஒட்சிசன் தீர்ந்த சேறு வேறொன்றும் செய்கின்றது. இரும்போடு பிணைந்து அடங்கிக் கிடந்த பொசுபரசை அது நீருக்கு விட்டுவிடுகின்றது. இளவேனிலில் பாசி தழைப்பதற்கு அதுவே உரமாகின்றது.

ஆகவே பனிக்கட்டி நீங்குவது ஏரிக்கு நன்மைதானே என்று எண்ணிவிடலாகாது. மூடி குறைந்தால் சில ஏரிகளில் மீனுக்கு மூச்சுக் கிடைக்கும் என்பது மெய்யே. ஆயின் உலகின் வடகோடியில், அதே மூடி வேறொரு பெரும் பூட்டாகவும் இருந்து வருகின்றது.

மெலியும் பூட்டு

அலாஸ்காவின் வடகரையிலே பரோ என்னும் ஊர் உண்டு. இனுப்பியாட் மக்களின் அவ்வூர் 2016 முதல் உட்கியாக்விக் என்னும் தன் பழம்பெயரையே மீண்டும் பூண்டுள்ளது. அதைச் சூழ்ந்த சமதரை முழுவதும் ஆயிரக்கணக்கான ஏரிகள். தரைக்குக் கீழே பல நூறு மீற்றர் ஆழம்வரை மண் நிரந்தரமாய் உறைந்துள்ளது. ஏரிகளோ பெரும்பாலும் ஆழமற்றவை. இரண்டு மீற்றருக்கும் குறைந்தவை பல. முன்னைக் குளிர்காலங்களில் அங்கே பனிக்கட்டி இரண்டு மீற்றர் அளவுக்குத் தடித்து, அத்தகைய ஏரிகளின் அடியைத் தொட்டு, சேற்றையும் உறையச் செய்துவந்தது. கோடையில் ஏரி சேர்த்த வெப்பமெல்லாம் அவ்வழியே குளிர்காலத்தில் வெளியேறிவிடும். நிரந்தர உறைமண்ணும் குலையாமல் நின்றது.

பனிக்கட்டி அடியைத் தொடாவிட்டாலோ, தகட்டுக்கும் சேற்றுக்குமிடையே ஒரு சாண் நீர் எஞ்சினாலும் போதும், அச்சேறு உறைநிலைக்குக் கீழே போகாது. அடுத்த கோடை அதன்மேல் மேலும் வெப்பத்தை ஏற்றும். ஆண்டு முழுவதும் உறையாத சேறு தன்கீழுள்ள உறைமண்ணை மெல்ல மெல்ல உருக்கத் தொடங்கும். பல்லாயிரம் ஆண்டுகளாய் உறைந்து கிடந்த தாவர எச்சங்கள் அப்போது அழுகத் தொடங்கி, மெதேன் வாயுவாய்க் குமிழியிட்டு எழும். வளிமண்டலத்தில் ஒரு நூற்றாண்டுக் கணக்கிற் பார்த்தால், எடைக்கு எடை, கரியமிலவாயுவிலும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுத்து வைக்கும் வாயு அது. ஒரு சாண் நீரின் பொருள் இத்துணைப் பெரிது.

பூட்டு எங்கே திறந்துள்ளது என்பதை இன்று வானிலிருந்தே காண்கின்றனர். 1991இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்ம்மதியிலிருந்த றேடார்க் கருவி, நீரின்மேல் மிதக்கும் பனிக்கட்டியை வெளிச்சமாகவும், தரையைத் தொட்ட பனிக்கட்டியை இருளாகவும் காட்டியது. 1991 முதல் 2011 வரை பரோவின் சுற்றுப்புறத்தை இவ்வாறு நோக்கிய ஆய்வாளர், ஏப்பிரல் மாதத்தில் அடியைத் தொட்டு நின்ற பனிக்கட்டியின் அளவு நூற்றுக்கு 22 பங்கு குறைந்ததைக் கண்டனர். 1950 முதல் 2011 வரையான வானிலையைக் கொண்டு அவர்கள் கணித்தபோது, பனிக்கட்டியின் தடிப்பு 21 முதல் 38 சென்றிமீற்றர் வரையும், அது ஏரியை மூடியிருக்கும் காலம் ஏறக்குறைய 24 நாளும் குறைந்துள்ளமை தெரிந்தது. ஒரு சாணுக்கு மேலேயே மெலிந்துவிட்டது.

சுவா ஏரியின் குருமார் எழுதிய ஏடும் இதையே சொல்கின்றது. குறிப்பெழுதத் தொடங்கிய முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே மூன்று. 1955 முதல் 2004 வரையான 50 ஆண்டுகளில் அது 12 ஆயிற்று. 2005 முதல் 2014 வரையான பத்தே ஆண்டுகளில் 5. அத்தேவன் தேவியிடம் நடந்துசெல்லும் வழி ஆண்டுக்காண்டு அரிதாகின்றது.

ஐயோவாவின் விவசாயிகளை நாம் நகைப்பதற்கில்லை. மதிலைக் கண்டார்கள், கட்டியது மனிதன் கை என்று நம்பினார்கள், ஆராய்ந்து பார்த்தபோது அது பனிக்கட்டியின் வேலையாயிருந்தது. இன்று நாம் காண்பது இதற்கு நேர்மாறானது. உலகின் வடகோடியில், மனித நடமாட்டமே இல்லாத ஏரிகளின்மேல் பனிக்கட்டி மெலிகின்றது. இது இயற்கையின் வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால், நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகைச் சூடாக்கும் மனிதன் கையே அங்கே தெரிகின்றது. மதிலைக் கட்டப் பனிக்கட்டிக்கு எண்ணற்ற குளிர்காலங்கள் வேண்டியிருந்தன. பூட்டைத் தளர்த்த நமக்கு ஒரு மனித ஆயுட்காலமே போதியதாயிற்று.